பிபிஆருக்குச் சம்பளம் கூடிவிட்டது, வெளி வாடகைக்குச் சம்பளம் போதவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய பிளாட்டில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கணவர் லோரி உதவியாளர், நான் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். பிடித்தம் போக, இருவர் சம்பளமும் சேர்த்துக் கையில் வருவது மாதம் 3,200 வெள்ளி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். வாடகை 850 வெள்ளி. மாதாமாதம் கையில்தான் கொடுக்கிறோம். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. குடிவந்தபோது கொடுத்த 1,700 வெள்ளி டெபாசிட்டுக்கு ரசீதும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து 1,100 கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பூட்டை மாற்றிவிடுவேன் என்கிறார் வீட்டுக்கார அண்ணன். வேறு வீடு தேடினால், போனில் பெயரைக் கேட்டதுமே ‘இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை’ என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன், அரசாங்கம் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் பிபிஆர் வீட்டுக்கு மனு போட்டோம், பதில் இல்லை. சம்பளம் கூடிவிட்டதால் இனி கிடைக்காது என்கிறார்கள். இப்போது ஒருவர், தன் பேரில் இருக்கும் பிபிஆர் வீட்டை மாதம் 600க்கு விடுகிறேன், முதலில் 3,000 கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? — செந்தூல் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி, அந்த 3,000 வெள்ளியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இப்போது இருக்கும் வீட்டையும் அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டால், மற்ற வேலைகளைப் பார்க்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

பிபிஆர் வீட்டை முதலில் பார்ப்போம். கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திடமிருந்து வாடகைக்குப் பெறும் பிபிஆர் வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளி. மூன்று அறைகளோடு, ஏறக்குறைய 700 சதுர அடி இருக்கும். அந்த வீட்டை உங்களுக்கு 600க்கு விட்டால் அவர் கையில் மாதம் 476 வெள்ளி நிற்கும்; வருடத்துக்கு 5,712. அந்தப் பணம் வீடில்லாத ஏழைகளுக்கென்று அரசாங்கம் கொடுத்த சலுகை. அதை உங்களைப் போன்ற இன்னொரு ஏழைக் குடும்பத்திடமே விற்கிறார்கள். உங்கள் மனு வருடக்கணக்கில் நகராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வீடு தேவைப்படாதவர் பேரில் வீடு இருக்கிறது, தேவைப்படுபவர் வரிசையில் நிற்கிறார்.

உங்களுக்கு வரக்கூடிய ஆபத்தைச் சொல்கிறேன். மாநகர் மன்றத்தின் வாடகை ஒப்பந்தப்படி வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது பதிவில் ஒரு பெயரும் வீட்டுக்குள் வேறு குடும்பமும் இருந்தால் அவருடைய வாடகை உரிமையை ரத்துச் செய்யலாம். வெளியேற வேண்டியது நீங்கள். மன்றத்தின் கண்ணில் உங்களுக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை. 3,000 வெள்ளியைத் திரும்ப வாங்க அந்த மனிதரின் பின்னால்தான் அலைய வேண்டும். பின்னால் உங்கள் சொந்த மனு பரிசீலனைக்கு வரும்போது, ‘இப்போது எங்கே வசிக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாத நிலையிலும் மாட்டிக்கொள்வீர்கள். ‘எல்லாரும் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது’ என்பார்கள். ஒன்றும் ஆகாமல் போகலாம்தான். ஆனால் ஆகிவிட்டால் உங்களிடம் இரண்டாவது முறை எடுத்துக் கொடுக்க 3,000 வெள்ளி இருக்காது.

இனி, இருக்கும் வீட்டைப் பற்றி. எழுத்தில் ஒன்றும் இல்லை என்பதால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகப் பேசிக்கொண்டாலும் நம் நாட்டு நிலச் சட்டப்படி அது செல்லும். மாதாமாதம் வாடகை கொடுத்து, அவர் அதை வாங்கிக்கொண்டு வந்ததால் உங்களுடையது மாத வாடகை. அதை முடிக்க விரும்பினால் அவர் ஒரு முழு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 20ஆம் தேதி வந்து 1ஆம் தேதி போகச் சொல்வது நோட்டீஸ் ஆகாது.

பூட்டை மாற்றுவதாகச் சொன்னாரே, அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், மலாயில் அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக், அதன் 7(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் வீட்டில் இருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்கலாம். தானாகவே பூட்டை உடைப்பது, சாமான்களை வெளியே வைப்பது போன்றவற்றுக்கு அந்தப் பிரிவு இடம் விடவில்லை. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்து விரட்டுவதும் அதே வழியைச் சேர்ந்ததுதான். சட்டத்தின் பெயரையும் பிரிவையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாள் நடந்துவிட்டால் வாசலிலேயே நின்று படம், வீடியோ எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள். ‘இது சிவில் வழக்கு, நாங்கள் தலையிட முடியாது’ என்று சொல்லக்கூடும். சொன்னாலும் ரிப்போர்ட்டைப் பதிவு செய்து நகலை வாங்காமல் வராதீர்கள். மறுநாள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போகும்போது அந்த நகல்தான் பேசும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முறையான நோட்டீஸ் கொடுத்து, காலம் முடிந்தும் நீங்கள் வெளியேறாமல் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி அந்த நாள்களுக்கு இரட்டை வாடகை கேட்டு அவர் வழக்குப் போடலாம். வாடகை பாக்கி இருந்தால் 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி, வீட்டிலுள்ள சாமான்களை ஜப்தி செய்யவும் வழி இருக்கிறது. அதனால்தான், ‘கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்து வீட்டார் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை அது டெபாசிட் கழிப்பு ஆகாது, வாடகை பாக்கிதான்.

வாடகையை உயர்த்த அவருக்கு உரிமை உண்டா? உண்டு. அதற்கு உச்சவரம்பு எதுவும் இன்று இல்லை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு காலத்தில் வேலி போட்டிருந்தது. 1997இல் அதை நீக்கச் சட்டம் போட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முழுதாக எடுத்துவிட்டார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்த குடும்பங்கள் கலைந்தது அதன் பிறகுதான். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. அது வராததால் வாடகை எவ்வளவு ஏறலாம், டெபாசிட்டை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்ற மூன்று கேள்விக்கும் சட்டத்தில் பதில் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் துன்பம் ஏறக்குறைய முழுவதும் அந்த மூன்று ஓட்டைகள் வழியாக வந்ததுதான்.

ஆகவே பேரம் பேசித்தான் ஆக வேண்டும். பேசப் போகும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 1,000 வெள்ளிக்கு வேறு வீடு எடுத்தால், வழக்கமான கணக்குப்படி இரண்டு மாத டெபாசிட் 2,000, தண்ணீர் மின்சார டெபாசிட் அரை மாதம் 500, முன்கூட்டிய வாடகை 1,000, ஆக 3,500 வெள்ளி கையில் வேண்டும். லோரிச் செலவு, பிள்ளைகள் பள்ளி மாறினால் வரும் செலவு தனி. இதே வீட்டில் 100 வெள்ளி கூட்டி 950 கொடுத்தால் வருடத்துக்கு 1,200தான் அதிகம். வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் 1,700 வெள்ளி நட்டம். பெயிண்ட், முகவர் கட்டணம் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும். ஐந்து வருடம் தவறாமல் வாடகை கொடுத்த குடும்பம் என்பது அவருக்கு லேசாகக் கிடைக்கக்கூடிய ஒன்று இல்லை. 1,100க்கு ‘முடியாது’ என்று மட்டும் சொல்லாமல், ‘950 தருகிறோம், இரண்டு வருட ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம், முத்திரைச் செலவு எங்களுடையது’ என்று கேளுங்கள். 1,000 வரை இறங்கி வந்தாலும் கையெழுத்துப் போடலாம் என்பது என் கருத்து. உங்கள் வருமானத்தில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும்; அதற்கு மேல் போனால் மாதக் கடைசியில் மளிகைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

பேச்சைத் தொடங்கும் முன் ஆதாரத்தைச் சேருங்கள். இந்த மாத வாடகையிலிருந்து கையில் கொடுப்பதை நிறுத்தி, அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். குறிப்பில் மாதத்தையும் வீட்டு எண்ணையும் எழுதுங்கள். கையில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், புத்தகக் கடையில் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கிப் போய்க் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட்டுக்கு ரசீது இல்லை என்றீர்கள். அதற்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடலாம்:

‘அண்ணே, வணக்கம். இந்த மாத வாடகை 850 வெள்ளியை அனுப்பிவிட்டேன். குடிவந்தபோது நாங்கள் கொடுத்த டெபாசிட் 1,700 வெள்ளி உங்களிடம் இருக்கிறதே, புது ஒப்பந்தம் எழுதும்போது அதையே டெபாசிட்டாக வைத்துக்கொள்ளலாமா? வாடகையைப் பற்றி நேரில் வந்து பேசுகிறோம்.’

‘சரிம்மா’ என்று ஒரு சொல் பதில் வந்தாலும் 1,700 வெள்ளி அவரிடம் இருப்பதற்கு அது சான்று. கோபமான வார்த்தை ஒன்றுகூட அதில் வேண்டாம். அந்த உரையாடலைப் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் சான்று தொலையாது.

ஒப்பந்தம் எழுத வழக்கறிஞர் கட்டாயமில்லை. இருவர் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வாடகை, டெபாசிட், காலம், யார் எதைப் பழுது பார்ப்பது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பவற்றை எளிய மலாயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டால் போதும். மூன்று வாசகங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாவியைக் கொடுத்த 14 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும்; பிடித்தம் இருந்தால் பில்லோடு காட்ட வேண்டும் என்பது ஒன்று. பெயிண்ட் மங்குவது, தரைத் தேய்வது போன்ற சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் கூடாது என்பது இன்னொன்று. இரண்டு வருடம் முடிந்ததும் புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அப்போது வாடகை உயர்வு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகாது என்பது மூன்றாவது. சட்டம் போடாத வரம்பை ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்ல முடியாது.

கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணைய முத்திரைத் தளத்தில் முத்திரை வரி கட்டுங்கள். முன்பு வருட வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஒரு வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு வருட வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை 3 வெள்ளி. 950 வெள்ளி வாடகைக்கு வருடத்துக்கு 11,400. அதை 250ஆல் வகுத்து, மிச்சத்தையும் ஒன்றாக எண்ணினால் 46. ஆக ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 46 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு 138. இரண்டாவது நகலுக்கு 10 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு கட்டலாம் என்றால் அபராதமும் சேரும். இந்த 150 வெள்ளியை மிச்சம் பிடித்துவிட்டுப் பிற்பாடு 1,700ஐ இழக்கிறவர்கள் ஏராளம்.

இனி உங்கள் பிபிஆர் மனு. கணவர், மனைவி இருவரும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்தாலே இன்றைக்கு 3,400 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. பிபிஆர் வாடகை வீட்டுக்கோ, குடும்ப வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புதான் நீண்ட நாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. சட்டம் கட்டாயமாக்கிய ஆகக் குறைந்த கூலியை இருவர் வாங்கினால் அந்த வரிசையில் நிற்கத் தகுதியில்லை என்றாகிவிடுகிறது. அதே கூலியைக் காட்டி வெளியில் 1,000 வெள்ளி வீடு கேட்டால், ‘சம்பளம் போதாது’ என்று வீட்டுக்காரர் மறுக்கிறார். இது உங்கள் குறை இல்லை, சகோதரி. கூலி ஏறும்போது வரம்பும் கூடவே ஏறவேண்டும் என்று பொறுப்பில் இருப்பவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்காக, ‘கிடைக்காது’ என்று பிறர் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். மாநகர் மன்றத்தின் வீடமைப்புப் பிரிவில் உங்கள் மனு எண்ணைக் கொடுத்து, இன்றைய வரம்பு என்ன, அதை எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அடிப்படைச் சம்பளமா ஓவர்டைமும் சேர்த்தா என்று கேளுங்கள். லோரி வேலையில் ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் மாறும். முதலாளியிடமிருந்து அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகக் குறிப்பிடும் கடிதம் வாங்கி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு இணைத்துக் கொடுங்கள். வருமானத்தை மறைக்க மட்டும் வேண்டாம். ஊழியர் சேமநிதிப் பதிவு எல்லாவற்றையும் காட்டிவிடும். பொய்ப் பிரமாணம் குற்றம்.

மூன்று வருடத்து மனு அசையாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்கள்தான் இருக்கும். போன் எண் மாறியிருக்கும். முகவரி மாறியிருக்கும். புதுப்பிக்கச் சொன்ன செய்தி வந்த எண் இப்போது வேறு யாரிடமாவது இருக்கும். பிள்ளையின் பிறப்புப் பத்திர நகல் தெளிவாக இருக்காது. ஆகவே ஒரு கோப்பில் எல்லாவற்றையும் புதிதாக அடுக்குங்கள்: இருவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, இப்போது வசிக்கும் இடத்துக்கான சான்று. மாற்றுத்திறனாளி அட்டை, நாள்பட்ட நோய்க்கான மருத்துவமனைக் கடிதம் ஏதும் இருந்தால் அவற்றை மேலே வையுங்கள். ஈகாசே எனப்படும் வறுமைப் பதிவில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருமணப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே சாப்பிட்டுப் போயிற்று, பதிவு மட்டும் செய்யவில்லை என்றால் 1982 மார்ச் முதல் நடப்பிலிருக்கும் திருமணச் சட்டத்தின் பார்வையில் அது பதிவான திருமணம் இல்லை. மனுவில் நீங்கள் ‘குடும்பம்’ என்ற பிரிவில் வரமாட்டீர்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் விடுபட்டிருக்கலாம். தாய்க்கோ தகப்பனுக்கோ நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை இருந்தால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகலாம். பிபிஆர் வீடு குடிமக்களுக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் இருந்தால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போவதுதான் முதல் வேலை. வீட்டு மனு அதற்குப் பிறகு. கோப்பு முழுமையானதும் அதன் நகல் ஒன்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து, மனு எண்ணைக் குறிப்பிட்டு ஆதரவுக் கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தால் வரிசை தாண்ட முடியாது. ஆனால் எங்கோ மாட்டிக் கிடக்கும் மனுவை யாராவது எடுத்துப் பார்க்க அது உதவும்.

எல்லையைத் தாண்டி சிலாங்கூரில் வேலைக்குப் போய்வர முடியும் என்றால், அந்த மாநில அரசின் ஸ்மார்ட் சேவா திட்டத்தையும் விசாரியுங்கள். சந்தை விலைக்குக் குறைவான வாடகைக்கு வீடு கொடுத்து, பிறகு அந்தக் குடும்பம் சொந்த வீடு வாங்கும்போது கட்டிய வாடகையில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தருவது அதன் சிறப்பு. தகுதி விதிகளை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை.’ இந்த வரியை எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் அதை அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் விதியாகவே பார்க்கின்றன. தனியார் வீட்டுக்காரர் ஒருவர் மறுத்தால் அதை வைத்து வழக்காட முடியாது. நாட்டில் பிறந்து வரி கட்டி உழைக்கும் ஒருவருக்கு வீடு மறுக்கப்படுவதைத் தடுக்க ஒரு சட்டம் இல்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

இன்றைக்குச் செய்யக்கூடியது என்னவென்றால், பஸ் செலவு செய்து வீடு பார்க்கப் போகும் முன் போனிலேயே பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அரைநாள் சம்பளம் மிச்சமாகும். பெயரை மறைத்து, கையெழுத்து நாளில் அவமானப்படுவதைவிட இது மேல். முகம் கொடுத்துப் பேசும் வீட்டுக்காரரிடம் முதலாளி கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி வழி வாடகை கட்டிய பதிவு, முடிந்தால் இப்போதைய வீட்டுக்காரர் எழுதிய இரண்டு வரி ஆகியவற்றைக் காட்டுங்கள். மறுத்த விளம்பரங்களையும் செய்திகளையும் படம் பிடித்துத் தேதியோடு சேர்த்து வையுங்கள். விளம்பரம் வந்த தளத்தில் புகார் கொடுங்கள். நகலை மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அவர்கள் அந்த வீட்டை வாங்கித் தர முடியாது. ஆனால் வாடகைச் சட்டத்தில் இந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் வாசகம் வேண்டுமா என்று விவாதிக்கும்போது, ‘அப்படியெல்லாம் நடப்பதில்லை’ என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி கையில் சான்று இருக்க வேண்டும்.

கோயில் அறிவிப்புப் பலகை, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, மளிகைக் கடை வழியாகக் கிடைக்கும் வீடுகளில் இனப் பிரச்சினை குறைவு. ஆனால் ‘நம்மாள்தானே’ என்று எழுத்தில்லாமல் போவதும் அங்கேதான். உங்கள் இப்போதைய வீடும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

வேறு வீடு எடுத்தே ஆகவேண்டும் என்று வந்தால், பணம் கொடுக்கும் முன் யாருடைய வீடு என்று உறுதி செய்யுங்கள். மதிப்பீட்டு வரி பில்லிலும் மின்சாரப் பில்லிலும் இருக்கும் பெயர், எதிரே நிற்பவரின் அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். முகவர் என்றால் ஆர்இஎன் எனப்படும் பதிவு எண்ணுள்ள சிவப்பு அட்டையைக் கேட்டு, அந்த எண்ணை மதிப்பீட்டாளர், முகவர் வாரியத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், முகவரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். வீட்டைப் பார்க்கும் முன்பே ‘புக்கிங்’ பணம் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைச் சோதிக்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும். கதவிலோ தபால் பெட்டியிலோ ஏல நோட்டீஸ் தெரிந்தால் அந்த வீடு வேண்டவே வேண்டாம். அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டண பாக்கி இருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்திலேயே கேளுங்கள். வீட்டுக்காரர் பாக்கி வைத்தால் நிர்வாகம் வாசல் அட்டையை முடக்கலாம். பிள்ளைகளோடு கேட்டில் நிற்க வேண்டியது நீங்கள். குடிபுகும் நாளில் சுவர், கூரைக் கசிவு, குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக அந்த 1,700. பேச்சு முறிந்து நீங்கள் காலி செய்ய நேர்ந்து, டெபாசிட்டை அவர் தர மறுத்தால், முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு இது பொருந்தும். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் 198ஆம் எண் படிவம் கேட்டு வாங்கி நிரப்புங்கள். இந்த வழக்கில் வழக்கறிஞர் வேண்டாம், வைக்கவும் முடியாது. நீங்களே நேரில் பேச வேண்டும். படிவம் அவர் கைக்குப் போன 14 நாளில் அவர் பதில் தர வேண்டும். நீதிபதி முன் நீளமாகப் பேசத் தேவையில்லை. அந்த வாட்ஸ்அப் பதில், வங்கிப் பதிவு, காலி செய்த நாளில் எடுத்த படங்கள், சாவியைக் கொடுத்ததற்கான செய்தி, பதிவுத் தபால் சீட்டு ஆகியவற்றை அச்சிட்டு, தேதி வரிசையில் அடுக்கி, மூன்று நகலாகக் கொண்டு போங்கள். தமிழில் இருக்கும் செய்திகளுக்கு மலாய் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். உடனே போட முடியாத நிலை இருந்தாலும் கலங்க வேண்டாம். இப்படிப்பட்ட கோரிக்கைக்குச் சட்டம் ஆறு வருடம் இடம் தருகிறது.